அம்மாவுக்கு டோக்கியோவிலிருந்து

டோக்கியோ
26.3.2023

அன்புள்ள அம்மா,

உன் கடிதம் கிடைத்தது. போனில் என் குரல் ஏன் அடைத்த மாதிரி இருக்கிறது என்று கேட்டிருந்தாய். சளி எல்லாம் இல்லை, ரோட்டில் நடந்தபடி மாஸ்க்கோடு பேசினேன், அவ்வளவுதான். இன்னுமா என்பாய். போடுவதும் விடுவதும் அவரவர் விருப்பம் என்று இந்த 13ஆம் தேதியிலிருந்து அரசாங்கமே சொல்லிவிட்டது, ஆனாலும் ரயில் ஏறினால் பெட்டி முழுக்க மாஸ்க்தான். யாராவது முதலில் கழற்றட்டும் என்று ஆளாளுக்கு ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், நானும்தான்.

இத்தனைக்கும் மாஸ்க் போடாததற்கு இங்கே அபராதமே கிடையாது. 2020இல் கொரோனாவுக்காக அவசரநிலை அறிவித்தபோதுகூட வெளியே வராதீர்கள் என்று கேட்டுக்கொண்டார்களே தவிர, லத்தியோடு யாரும் நிற்கவில்லை. நம் ஊரில் 200 ரூபாய் அபராதம் போட்டும் மாமாவுக்கு அது தாடையில்தானே தொங்கியது! தோஷிஷா பல்கலைக்கழகத்துக்காரர்கள் அந்த வருஷம் விசாரித்ததில், நோய்க்குப் பயந்து போட்டதைவிட மற்றவர்கள் போடுகிறார்களே என்று போட்டதுதான் அதிகமாம்.

பக்கத்து வீட்டுப் பாட்டியைப் பார்த்தால் நீயும் நம்புவாய். குப்பை வைக்க நாலு எட்டு நடக்கவும் மாஸ்க். கேட்டால் சுகி மரத்து மகரந்தம் என்கிறார். பொய்யில்லை, மார்ச்சில் பாதி ஊர் தும்முகிறது. ஆனால் பின்பக்கம் துணி உலர்த்தும்போது மட்டும் வெறும் முகம், மகரந்தம் அங்கே வராதாக்கும்! நல்ல மனுஷிதான். ஊர் என்ன சொல்லும் என்ற இதே பயம்தான் 2020இல் திறந்திருந்த கடைக் கதவுகளில் மூடு என்று மொட்டைச் சீட்டும் ஒட்ட வைத்தது, அதையும் சொல்ல வேண்டும்.

சாப்பாட்டுக்குக் குறையில்லை. குளிரும் விட்டுவிட்டது. ஆபீஸில் எதிரே உட்காருகிறவருக்கு மீசை உண்டா இல்லையா என்றுகூட இன்னும் தெரியாது. நான் முழுசாகப் பார்க்கிற முகம் வீடியோவில் உங்களுடையதுதான், அதிலும் நீ எப்போதும் நெற்றியை மட்டும் காட்டுகிறாய். போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடியம்மா.

யென் விழுந்து கிடப்பதால் இந்த மாதம் ரூபாய் குறைவாக வரும், வேறொன்றுமில்லை. மோட்டார் மெக்கானிக்குக்கு முதலில் பாதி கொடு. செல்வி வளைகாப்புக்கு வளையல் செலவு என்னுடையது, அத்தையிடம் வாங்காதே. அப்புறம் சித்தப்பா வரப்பு விஷயமாகப் பத்திரத்தோடு வந்தால், சர்வேயர் அளக்கும்வரை அப்பாவைக் கையெழுத்துப் போட விடாதே.

அன்புடன்,
குமார்