மறுசாயத்துக்கு முன் பிசிறைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கீழக்கரை, தேவிப்பட்டினம், தொண்டி எனக் கரையோர ஊர்களில் கறுப்பு, கருநீல ரேயான் நைட்டிகளும் மோடல் தலைத்துணிகளும் சில சலவைகளிலேயே மடிப்போரங்களில் சாம்பல் பூத்து விடுகின்றன. சாயம் போய்விட்டதாக எண்ணி அவற்றை மறுசாயத்துக்குக் கொடுப்பதும், பட்டறையில் சோடாவும் உப்பும் சேர்த்த சூட்டுத் தொட்டியில் இட்டுப் புரட்டுவதும் வழக்கமாக இருக்கின்றன. பல துணிகளுக்கு இது கேட்டைக் கூட்டும் வேலையே.

கடைகளில் 'ரேயான்' என்று விற்கப்படும் விஸ்கோஸ், மோடல், லயோசெல் ஆகியவை மரக்கூழைக் கரைத்து மீண்டும் இழையாக்கப்பட்டவை. விஸ்கோஸ் நனைந்தால் ஏறத்தாழப் பாதி வலுவை இழக்கிறது. லயோசெல் அவ்வளவு இழப்பதில்லை; ஆனால் அதன் உட்கட்டமைப்பு நீளவாக்கில் உறுதியாகவும் பக்கவாட்டுப் பிணைப்பில் தளர்வாகவும் இருப்பதால், ஈரத்தில் ஊதிய நிலையில் உரசும்போது, ஊறிய பனைமட்டையைத் தட்டினால் நார் பிரிவதைப் போல, மேற்பரப்பிலிருந்து மெல்லிய பிசிறுகள் உரிந்து நிற்கின்றன. மோடலில் இது குறைவு, விஸ்கோஸில் அதனினும் குறைவு. அப்பிசிறுகள் ஒளியைச் சிதறடிப்பதால், உள்ளே சாயம் இருந்தும் துணி வெளுத்துத் தெரிகிறது. வெளுத்த இடத்தையும் தையலுக்குள் மடிந்திருக்கும் பகுதியையும் சேர்த்து நனைத்தால் இரண்டும் ஒரே நிறமாகி, உலர்ந்ததும் வேறுபட்டால், குற்றம் பெரும்பாலும் பிசிறில்தான்.

ஆகவே சாயமிடும்போதே உரசலைக் குறைக்க வேண்டும். துணியைக் கயிறாகத் திரித்து ஓட்டும் வின்ச் என்ற சாயமிடும் எந்திரத்தைவிட, விரித்து ஓட்டும் ஜிக்கர் எந்திரம் நல்லது. அதனினும் நல்லது, சாயமும் காரமும் ஏற்றிய துணியைச் சுருட்டிப் பாலித்தீன் சுற்றிக் குளிர்நிலையில் 12 முதல் 24 மணி நேரம் வைத்திருக்கும் முறை. கயிறு முறைதான் கதி என்றால் தொட்டியில் துணியை நெருக்கித் திணிக்காமல், மடிப்பு விழாமல் காக்கும் வழுக்குப் பொருளைச் சேர்க்கலாம். இழையோடு வேதிவினையால் பிணையும் ரியாக்டிவ் சாயங்களுள், இரு வினைமுனைகள் கொண்ட சில, இழையின் பக்கத்து மூலக்கூற்றுச் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைத்துப் பிசிறைத் தடுப்பதுமுண்டு. விலை சற்றுக் கூடுதல்.

எழுந்துவிட்ட பிசிறுக்கு, அதை அரித்து நீக்கும் செல்லுலேஸ் என்ற என்சைமில் கழுவும் முறை உண்டு. 50 முதல் 55 டிகிரி செல்சியஸில், அமிலத் தன்மை 5 பிஎச் அளவில், அளவான அசைவோடு செய்து, பின்னர் 80 டிகிரிக்குச் சூடேற்றி என்சைமைச் செயலிழக்கச் செய்ய வேண்டும். நேரம் தவறினால் துணியின் எடையும் வலுவும் குறையும்.

நம் பகுதிக்கே உரிய இன்னொரு சிக்கல், கடினத் தன்மை மிகுந்த கிணற்று நீர். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோடாவோடு சேர்ந்து வெண்படிவாகத் துணியில் ஒட்டும். அதையும் சாயக்குறையென்றே சொல்லிவிடுகிறார்கள். நீரை மென்மையாக்காமல் சாயத்தைக் குறை சொல்வது நியாயமன்று.

கடைக்காரர்கள் 'ரேயான்' என்ற ஒரே பெயரில் எல்லாவற்றையும் விற்காமல், இழை எது என்பதை ரசீதில் எழுதித் தந்தால், பட்டறைக்காரர் எந்தத் துணிக்கு எந்தத் தொட்டி என்று முன்கூட்டியே முடிவு செய்ய இயலும்.

இங்ஙனம்,
ஒரு வாசகர்,
கீழக்கரை