ஆன்லைன்ல அஜ்ரக் விக்கிற கடைக்காரங்களுக்கு ஒரு திறந்த மடல்

லைவ் போட்டு சேலை விக்கிற அக்காங்க, அண்ணாங்க எல்லாருக்கும் வணக்கம். எந்தப் பேஜத் தொறந்தாலும் இப்ப அஜ்ரக்தான் (மரக்கட்டை அச்சால அடிச்சு நீலம், செவப்புன்னு சாயம் ஏத்துற துணி) ஓடுது, 499 ரூவாய்க்கு பிளவுஸ் பிட்டு, கீழ "ஹேண்ட் பிளாக், நேச்சுரல் டை"ன்னு வேற போட்டுடறீங்க. ஸ்க்ரீன் பிரிண்ட் விக்கிறத தப்புன்னு சொல்ல வரல, அசல் வாங்க எல்லார்கிட்டயும் காசு இருக்காது, எனக்கும் எப்பவும் இருக்காது. ஸ்க்ரீன் பிரிண்டுன்னு சொல்லியே வித்துடுங்க, அவ்ளோதான் கேக்குறேன்.

ஏன் இவ்ளோ டென்ஷன் ஆகுறேன்னா, அஜ்ரக்ல தெரியுற செவப்ப யாரும் செவப்பு மையில அச்சடிக்கிறதே இல்ல. துணிய ஆமணக்கெண்ணெய், சோடா, ஒட்டகச் சாணி கலந்த தண்ணில ஊறவச்சு காயப்போட்டு அலசி, கடுக்காய்த் தண்ணில முக்குவாங்க, லேசா மஞ்சளாகும். வெள்ளையா நிக்க வேண்டிய கோட்டுக்கு சுண்ணாம்பும் பிசினும் சேர்த்து அச்சு, கருப்புக்கு பழைய இரும்ப வெல்லத்தோட ஊறப்போட்டு நாள்கணக்கா புளிக்கவச்ச தண்ணி, அது வழியாம இருக்க புளியங்கொட்டை மாவு. செவப்பு வர வேண்டிய எடத்துல படிகாரப் பசைதான், அந்த செவப்பு அப்பவே வந்துடாது. அப்புறம் நீலம் ஏறக்கூடாத எடத்த களிமண் பசையால மூடி, அவுரித் தொட்டில முக்கி, அலசி, மஞ்சிட்டி வேரோ அலிசரின்ங்கற செவப்புச் சாயமோ கொதிக்கிற அண்டால போட்டா படிகாரம் பட்ட எடம் மட்டும் செவந்து வரும். தண்ணி கெட்டா எல்லாமே கெட்டுச்சு. 2001 பூகம்பத்துக்கப்புறம் குஜராத்தோட கட்ச்ல தமட்கா ஊர்த் தண்ணில இரும்பு ஏறிப்போனதால, இந்த அச்சு வேலை செய்யுற கத்ரி குடும்பங்கள் நெறைய பேர் பூஜ் பக்கத்துல அஜ்ரக்பூர்னு புது ஊரே கட்டிக்கிட்டாங்க.

இவங்க முன்னோர் 16ஆம் நூற்றாண்டுல கட்ச் ராஜா கூப்பிட்டு சிந்துல இருந்து வந்தவங்க. சிந்து இப்ப பாகிஸ்தான்ல இருக்கு, அங்க ஹாலா, பிட் ஷா, மட்டியாரி பக்கம் இன்னும் அச்சு ஓடுது. அங்க இது ஃபேஷன் ஐட்டமே இல்லங்க. ஆம்பளைங்க தோள்ல கிடக்கும், தலைப்பாகை ஆகும், பொம்பளைங்களுக்குப் போர்வை, புள்ளைக்குத் தொட்டில், கல்யாணத்துக்கும் அதான், செத்தவங்க மேல போத்தவும் அதான். வீட்டுக்கு வந்த பெரிய மனுஷருக்கு அஜ்ரக் போத்துறதுதான் மரியாதை. டிசம்பர் மொத ஞாயிறு சிந்தி கலாச்சார நாள்னு கொண்டாடுறாங்க, அன்னிக்கு ஊரே தொப்பியும் அஜ்ரக்குமா இருக்கும்.

"5000 வருஷப் பழமை"ன்னு போடறீங்களே, அதயும் கொஞ்சம் கொறைங்க. மொகஞ்சதாரோ பூசாரி சிலை மேல இருக்குற மூணு இதழ் டிசைன வச்சு சொல்ற கதை அது, அழகான யூகம். எகிப்துல ஃபுஸ்டாட்டுங்கற எடத்துல கெடச்ச குஜராத் அச்சுத் துணித் துண்டுங்கதான் கையில புடிச்சுப் பாக்குற சாட்சி, பல நூறு வருஷம் முன்னாடியே கப்பலேறிப் போனது. அதுவே போதாதா என்ன?

இன்னொரு எரிச்சல். கோடு கோணலா இருந்தா "கைவேலைன்னா அப்படித்தான் இருக்கும்"னு சமாளிக்கிறீங்க. கை அச்சுன்னா மயிரிழை விலகும், சரி, ஆனா அஜ்ரக்காரங்களுக்குப் பெருமையே அது விலகாம அடிக்கிறதுலதான், ரெண்டு பக்கமும் அச்சடிச்சு பின்பக்கக் கோட்ட முன்பக்கத்தோட பொருத்துற ஆளுங்க அவங்க. கோணல் பீஸுக்கு அவங்க பேர இழுக்காதீங்க.

கட்ச் அஜ்ரக்குக்கு 2024ல புவிசார் குறியீடும் கெடச்சாச்சு. அதனால கட்ச்ல வாங்குனதுன்னா எந்த ஊரு, யாரு அச்சடிச்சதுன்னு பில்லுல போடுங்க, சூரத் மில்லுல இருந்து வந்துச்சுன்னா அதயும் போடுங்க, வெல அதுக்கேத்த மாதிரி இருக்கட்டும். சாயத்துல முக்கி எடுத்ததுன்னா பின்பக்கமும் கலர் ஏறியிருக்கும், மேல ஒட்டுன பிக்மென்ட்டுன்னா பின்னாடி வெளுத்துப்போய் தெரியும். அடுத்த லைவ்ல நாங்க கமெண்ட்ல கேக்குறதுக்கு முன்னாடியே துணியத் திருப்பிக் காட்டுங்க.