விட்டுப்போன வேலையை யார் செய்வது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தடுப்பூசி மருந்து வைக்கும் குளிர்பெட்டியின் பக்கத்தில் ஒரு பதிவேடு தொங்கும். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை வெப்பமானியைப் பார்த்து அதில் எழுத வேண்டும். 2 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கக் கூடாது, 8 டிகிரிக்கு மேலே ஏறக் கூடாது. இரண்டு நிமிட வேலை. அந்தப் பதிவேட்டில் ஒரு வாரம் முழுக்க ஒரே பேனா, எழுத்தில் ஒரே சாய்வு, பதினான்கு கட்டத்திலும் '4' என்று இருந்தால், யாரோ ஒரே மூச்சில் உட்கார்ந்து நிரப்பியிருக்கிறார்கள் என்று விவரம் தெரிந்தவர் உடனே சந்தேகப்படுவார். நடுவில் ஓர் இரவு பெட்டி உறைநிலைக்குப் போயிருந்தால் ஹெபடைடிஸ்-பி, முத்தடுப்பு ஊசி போன்றவை வீரியம் இழந்திருக்கும். புட்டியை வெறுமனே பார்த்தால் தெரியாமலும் போகலாம். அடிப்படை வேலையைச் செய்யாத சக ஊழியர் என்று நாம் பேசும்போது, பேச்சு அவருடைய குணத்தைப் பற்றியே சுற்றுகிறது. இந்தப் பதினான்கு கட்டங்களைப் பற்றித்தான் பேச வேண்டும்.

அப்படிப்பட்டவர் பக்கத்தில் வேலை பார்ப்பவர்கள் பெரும்பாலும் முணுமுணுத்துக்கொண்டே அவருடைய வேலையையும் சேர்த்துச் செய்துவிடுகிறார்கள். நிலைமையை வளர்த்துவிடுவதே இதுதான் என்று உறுதியாகச் சொல்வேன். மேலாளரின் கண்ணுக்கு வேலை முடிந்திருக்கிறது. பதிவேடு நிரம்பியிருக்கிறது, கணக்கு ஒத்துப்போகிறது, புகார் வரவில்லை. செய்யாதவருக்கும் ஒரு குறையும் வரவில்லை. குறைந்தது செய்தவரின் நாற்பது நிமிடம் மட்டும்தான், அது எந்தத் தாளிலும் ஏறவில்லை. ஆறு மாதம் கழித்துப் பொறுக்க முடியாமல் வாய் திறந்தால், "இத்தனை நாள் நல்லாத்தானே போச்சு?" என்ற பதில்தான் வரும். மேலாளரை நொந்து பயனில்லை, அவருக்குக் காட்டப்பட்டது அவ்வளவுதான்.

அதற்காக நாளைக்கே கையைக் கட்டிக்கொண்டு நிற்கவும் முடியாது. விட்டுப்போன வேலையை முதலில் தரம் பிரிக்க வேண்டும். உயிர், உடல், தீ, மின்சாரம், மருந்து சம்பந்தப்பட்டதென்றால் யோசிக்கவே வேண்டாம், அந்த நிமிடமே செய்துவிட வேண்டும். ஆனால் சத்தமில்லாமல் செய்யக் கூடாது. செய்த நேரத்தோடு எழுதி, அந்த மணிக்குள்ளேயே பொறுப்பாளருக்குச் சொல்ல வேண்டும். வெளியாள் ஒருவர் காத்துக்கொண்டிருக்கும் வேலை என்றால், அவர் பாதிக்கப்படாதபடி ஒருமுறை செய்து கொடுத்துவிட்டு, செய்ய வேண்டியவரிடம் அன்றைக்கே சொல்ல வேண்டும். மீதி இருப்பவை கோப்பை அலமாரியில் திருப்பி வைப்பது, கருவியைத் துடைத்து வைப்பது, வாராந்திர அறிக்கையில் தன் பகுதியை நிரப்புவது போன்ற உள்வேலைகள். அவற்றைக் கிடந்த இடத்திலேயே கிடக்க விடலாம். ஆனால் முன்கூட்டியே சொல்லிவிட்டு விட வேண்டும்: "அடுத்த திங்கள்ல இருந்து உங்க பகுதிய நான் நிரப்பல சார், காலியாவே அனுப்பிடுவேன்." சொல்லாமல் விட்டால் பழி உங்கள் மேல் திரும்பும்.

எந்தத் தரமாக இருந்தாலும் ஒன்றில் விலக்கே கிடையாது. அவர் கட்டத்தில் நீங்கள் கையெழுத்துப் போடக் கூடாது. அவர் பெயரின் முதலெழுத்தைக்கூட இடக் கூடாது. "சும்மா ஒரு இனிஷியல்தானே" என்று போட்டுவிட்டால், பார்க்காத ஒன்றைப் பார்த்ததாகப் பொய்ப் பதிவு எழுதியவர் நீங்கள் ஆகிவிடுகிறீர்கள். விசாரணை வரும்போது வேலை செய்யாதவரைவிட உங்களுக்குத்தான் பதில் சொல்வது கடினம். கட்டம் காலியாக இருந்தால் காலியாகவே இருக்கட்டும். நீங்கள் 6.20-க்குப் பார்த்தீர்களா, 6.20 என்று எழுதி உங்கள் கையெழுத்தைப் போடுங்கள்.

யாரையும் சோம்பேறி என்று முடிவு கட்டுமுன் ஒரு சோதனை செய்ய வேண்டும். "இத எப்படிச் செய்றதுன்னு ஒருவாட்டி காட்டுங்களேன்" என்று கேட்டுப் பாருங்கள். தடுமாறினால் அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கச்சிதமாகச் செய்து காட்டினால், தெரிந்தும் விடுகிறார். குறிப்பிட்ட கிழமையிலோ நேரத்திலோ மட்டும் வேலை விட்டுப்போகிறது என்றால் அந்த நேரத்தில் அவர் தலையில் வேறு ஏதோ விழுகிறது. அந்த ஷிப்டில் யார் இருந்தாலும் விட்டுப்போகிறது என்றால் கோளாறு ஆளிடம் இல்லை. ஏணி பூட்டிய அறைக்குள் இருந்து, சாவி பகல் ஷிப்டோடு போய்விட்டால், இரவில் எந்த மனிதரும் மேலே இருக்கும் வடிகட்டியைத் துடைக்கப் போவதில்லை. உடல்நலம், குடும்பச் சிக்கல் காரணமாகத் தடுமாறுபவர்களும் உண்டு. அதைத் துருவிக் கேட்க வேண்டியதில்லை, தானாகச் சொன்னால் ஊர் முழுக்கப் பரப்பவும் கூடாது.

அடுத்தது குறிப்பு எடுப்பது. பலர் சறுக்குவது இங்கேதான். "வழக்கம்போல ஓபி அடித்தார்", "பொறுப்பே இல்லை" என்று எழுதிய நோட்டு எதற்கும் உதவாது. அதைப் படிப்பவருக்கு எழுதியவரின் எரிச்சல் மட்டும்தான் தெரியும். இப்படி எழுத வேண்டும்: "12-ஆம் தேதி. மாலை 6 மணிப் பதிவு இல்லை. 6.20-க்கு நான் பார்த்தபோது 9 டிகிரி, கதவு முழுதாக மூடவில்லை. 6.25-க்குப் பொறுப்பாளரிடம் சொன்னேன். பெட்டியைச் சரிபார்த்து மருந்துகளைத் தனியே எடுத்து வைக்க 40 நிமிடம்." செய்ய வேண்டியது என்ன, எத்தனை மணிக்கு, கண்ணால் கண்டது என்ன, யார் செய்தார்கள், எவ்வளவு நேரம் பிடித்தது. இவ்வளவு போதும். அன்றன்றைக்கே எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து எழுதினால் அதுவும் அந்தப் பதினான்கு '4' போலத்தான். எல்லாவற்றையும் எழுதக் கிளம்பவும் கூடாது. அதிகம் பாதிக்கும் இரண்டு மூன்று வேலைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, பத்து வேலைநாள் எழுதினால் ஒரு போக்கு தெரியும். பத்து நாளில் ஒருமுறைதான் விட்டுப்போயிருக்கிறது என்றால் கோபத்தைத் தணித்துக்கொள்ள வேண்டியவர் எழுதியவர்தான். அப்படியும் நடக்கும். அவர் எத்தனை முறை டீ குடிக்கப் போனார், யாரோடு போன் பேசினார் என்பதெல்லாம் குறிப்பில் வரவே கூடாது. அவருக்குத் தெரியாமல் படம் எடுப்பது, வாட்ஸ்அப் குழுவில் ஜாடையாகப் போடுவது இரண்டும் உங்கள் நியாயத்தையே கெடுத்துவிடும்.

பிறகு பேச வேண்டும், மேலிடத்துக்குப் போகுமுன் அவரிடமே. தனியாக, நடந்து ஒன்றிரண்டு நாளுக்குள், பத்து நிமிடத்துக்கு மேல் போகாமல். வீட்டுக்குக் கிளம்பப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்பவரிடம் இதைத் தொடங்கக் கூடாது. ஒரே ஒரு வேலையைப் பற்றி மட்டும் பேசலாம்: "சார், செவ்வாயும் வியாழனும் சாயங்காலக் கணக்கு முடிக்காம இருந்துச்சு. அடுத்து வந்த எனக்கு ஒத்துப் பார்க்க அரை மணி நேரம் ஆச்சு. இனிமே அஞ்சரைக்கு முடிச்சதும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க. முடியாத நாள்ல முன்னாடியே சொல்லிட்டா நான் ஏற்பாடு பண்ணிக்கிறேன்." அதோடு நிறுத்திவிட்டு அவர் பேசும்வரை வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். இதுதான் எல்லாவற்றிலும் கடினமான பகுதி.

சில வார்த்தைகள் வந்துவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். "நீங்க எப்பவுமே" என்றால், ஒழுங்காகச் செய்த ஒரு நாளைத் தேடி எடுத்து நீட்டுவார். "எல்லாரும் சொல்றாங்க" என்றால் "யார் சொன்னா, பேரைச் சொல்லு" என்று சண்டை வேறு பக்கம் போய்விடும். வயதில் சின்னவரிடம் "தம்பி, உன் நல்லதுக்குச் சொல்றேன்" என்று ஆரம்பித்தால் அவர் காதை மூடிக்கொள்வார். மூத்தவரிடம் "உங்க அனுபவத்துக்கு இது அழகா?" என்றால் அவர் மனதில் நிற்பது அவமானம் மட்டும்தான், கணக்கு மறந்துபோகும்.

இரண்டு முறை பேசியும், இரண்டு வாரம் கடந்தும் மாறவில்லையென்றால் மேற்பார்வையாளரிடம் போகலாம். இதைப் போட்டுக்கொடுப்பது என்று நினைத்துக் கூசுபவர்கள் நிறையப் பேர். முதலில் அவரிடமே சொல்லிவிட்டு, அவரிடம் சொன்ன அதே விஷயத்தை அதே வார்த்தைகளில் மேலே சொல்வது கோள் ஆகாது. ஒரு பக்கத்துக்குள் குறிப்பு, நேரடி மேற்பார்வையாளருக்கு மட்டும். அவரைத் தாண்டி மேலே பாய வேண்டாம். "அவர் மேல நடவடிக்கை எடுங்க" என்று கேட்டால் அவர் நடுவில் நின்று சமாதானம் பேசத்தான் பார்ப்பார். "இந்த வேலை யாருடையது, எத்தனை மணிக்குள், விட்டுப்போனால் நான் யாரிடம் சொல்ல வேண்டும்?" என்று கேட்டால் முடிவு சொல்லியே ஆக வேண்டும். பேசி முடித்த அன்றைக்கே, "இன்று பேசியபடி…" என்று தொடங்கி நாலு வரி மின்னஞ்சல் அனுப்பிவிடுவது நல்லது.

"நீங்களே கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்களேன்" என்ற பதில் பல இடங்களில் வரும். கோபப்படாமல் திருப்பிக் கேட்க வேண்டியது: "சரி சார், செய்றேன். தினமும் நாற்பது நிமிஷம் ஆகுது. என் வேலையில எதை விடலாம்னு சொல்லுங்க." மரியாதைக்குறைவு எதுவும் இல்லாத இந்தக் கேள்வியோடு, அதுவரை எந்தக் கணக்கிலும் இல்லாத நாற்பது நிமிடம் கணக்கில் ஏறிவிடுகிறது.

ஷிப்ட் மாறும் இடங்களில் பாதித் தகராறு 'சார்ஜ் ஒப்படைக்கும்' நேரத்தில்தான் பிறக்கிறது. முடிந்தது, பாதியில் நிற்பது, தொடங்காதது, பழுதானது என நான்கையும் எழுதி, வாய்விட்டுப் படித்து, ஏற்றுக்கொள்பவர் திருப்பிச் சொல்லி, இருவரும் கையெழுத்திட வேண்டும். இதற்கு இரண்டு ஷிப்டும் பத்து நிமிடமாவது ஒன்றாக இருக்க வேண்டும். 1988 ஜூலை 6 அன்று வடகடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை எரிந்து 167 பேர் இறந்தார்கள். பராமரிப்புக்காக ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைக் கழற்றியிருந்த செய்தி இரவு ஷிப்டுக்குப் போய்ச் சேரவில்லை. இன்னொரு பம்ப் நின்றதும் அவர்கள் இதை இயக்கினார்கள். 1990-இல் வெளிவந்த கல்லன் பிரபுவின் விசாரணை அறிக்கை இந்த ஒப்படைப்புக் குறையை விரிவாகவே பேசுகிறது. அங்கே யாரையும் சோம்பேறி என்று சொல்வதற்கில்லை. ஒப்படைக்கும் முறை தளர்ந்திருந்தது, அதுவே போதுமானதாக இருந்தது.

மேலாளர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். "டீம் பார்த்துக்கொள்ளும்" என்று விடப்படும் வேலை யாராலும் பார்க்கப்படுவதில்லை. பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ரிங்கல்மேன் 1913-இல் வெளியிட்ட கயிறு இழுக்கும் சோதனைகளில், எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது ஒவ்வொருவரும் தனியாக இழுக்கும் பலத்தில் பாதியளவே தந்தார்கள். ஒருங்கிணைப்பு சரியில்லாததால் இருக்கும் என்று அதற்கு ஒரு சமாதானம் சொல்லலாம். 1974-இல் வேறு ஆய்வாளர்கள் ஒருவரின் கண்ணைக் கட்டி, பின்னால் பலர் இழுப்பதாக நம்பவைத்துப் பார்த்தார்கள். உண்மையில் இழுத்தது அவர் மட்டும்தான். அப்போதும் பலம் குறைந்தது. ஆகவே பொறுப்புப் பட்டியலில் குழுவின் பெயர் இருந்தால் போதாது. ஒவ்வொரு வேலைக்கு எதிரிலும் ஒரு பெயர், ஒரு நேரம், அவர் விடுப்பு என்றால் மாற்றாள் யார் என்பது இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஒதுக்கி, காலியான கட்டங்களை மட்டும் பார்த்தால் போதும்.

ஒருவர் செய்த தவறுக்காக எல்லோரையும் நிற்கவைத்து "பொதுவாச் சொல்றேன்" என்று ஆரம்பிப்பதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். ஒழுங்காக வேலை செய்தவர் தன்னைத்தான் சொல்கிறாரோ என்று அன்று முழுக்க மனம் புழுங்குவார். சொல்ல வேண்டியவருக்கோ அது யாரையோ பற்றிய பேச்சு. நம்பிக்கையாகச் செய்பவர் என்பதற்காகவே மேலும் மேலும் அவர் தலையில் ஏற்றுவதும் இதே ரகம். இழுக்கிற மாட்டின் மேலேயே மூட்டையை அடுக்கினால், ஒரு நாள் அவர் ராஜினாமாக் கடிதத்தோடு வந்து நிற்பார். அதன் பிறகு மேஜையில் மீதி இருப்பது பதினான்கு '4' எழுதியவர்தான்.

அவர் திருந்தினால்? பலர் திருந்துகிறார்கள், நேரமும் பெயரும் எழுத்தில் வந்த பிறகு குறிப்பாக. அப்போது வேலையை முழுதாக அவரிடமே விட்டுவிட வேண்டும், பின்னாலேயே போய்ச் சரிபார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. "இந்த வாரம் கணக்கு எல்லாம் சரியா இருந்துச்சு, எனக்கு வேலை சுலபமாப் போச்சு" என்று ஒரு வரி சொன்னால் போதும். ஒரு மாதம் எதுவும் விட்டுப்போகவில்லையென்றால் அந்த நோட்டில் எழுதுவதை நிறுத்திவிட வேண்டும், மேற்பார்வையாளரிடமும் நிறுத்திவிட்டதாகச் சொல்லிவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஷிப்ட் மேற்பார்வைப் பணியிலிருக்கும் ஒரு வாசகர்