சம்பங்கிக் கிழங்கு அனுப்புகிறேன்

சத்தியமங்கலம்
ஆனி 5

அன்புள்ள கண்ணு,

உன் செடிகளைப் பற்றி இத்தனை நாள் உன்னிடம் பொய் சொல்லி வந்திருக்கிறேன். நீ கேட்கும்போதெல்லாம் "நன்றாக இருக்கிறது" என்றேன். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு இந்த ஒன்றரை வருடமாக நான் மொட்டை மாடிக்குப் போனது துணி காயப்போடத்தான். தொட்டிகளைப் பார்க்காத மாதிரியே இறங்கி வந்துவிடுவேன். பன்னீர் ரோஜா போய்விட்டது, கண்ணு. தண்டைச் சுரண்டிப் பார்த்தேன், அடிவரை பச்சையே இல்லை. அதை உனக்கு எழுதாமல் இருக்க மனம் வரவில்லை.

மற்றவை பிழைத்துவிட்டன. சித்திரைக் கடைசியில் எதிர்வீட்டுப் பையன்கள் தொட்டிகளை எல்லாம் கீழே இறக்கி வாசலில் வைத்துக் கொடுத்தார்கள். மண் கல்லாகிக் கிடந்தது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் உப்பு மேலே வெள்ளையாகப் படிந்திருந்தது. செம்பருத்தித் தொட்டியில் வேர் அடி ஓட்டை வழியாக வெளியே வந்து, போக இடமில்லாமல் தொட்டிக்கு அடியிலேயே படர்ந்திருந்தது. முதல் நாள் நன்றாகத் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, மறுநாள் சாய்த்துத் தட்டிப் பார்த்தேன். வரவில்லை. கடைசியில் தொட்டியை உடைத்தேன். உள்ளே மண்ணே தெரியவில்லை. வேர் சுற்றிச் சுற்றி, அம்மாயி தலையில் வைக்கும் சும்மாடு மாதிரி இறுகியிருந்தது. வெளிச்சுற்றை அரிவாளால் நாலு பக்கமும் கீறி, அடியில் இரண்டு விரல் கனம் அறுத்து எடுத்தேன். வேரைக் குறைத்த அளவுக்குக் கிளையையும் குறைத்தேன். இல்லாவிட்டால் மிச்ச வேரால் அத்தனை இலைக்கும் தண்ணீர் கொடுக்க முடியாது. பத்து நாள் நிழலில் இருந்தது. இப்போது கணுவுக்குக் கணு துளிர்.

மல்லிகையில் அவசரப்பட்டுவிட்டேன். தண்டைப் பிடித்து இழுத்ததில் ஒரு கிளை அடியோடு முறிந்தது. தண்டைப் பிடித்து இழுக்கவே கூடாது. நீ உன் பால்கனிச் செடிகளைத் தொட்டி மாற்றும்போது மண்ணோடு சேர்த்துத் தாங்கி எடு.

புது மண்ணுக்குச் செம்மண், மணல், மண்புழு உரம் மூன்றும் கலந்து ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு போட்டேன். கட்டிகளை உடைத்தது எல்லாம் அப்பா. வலது கை இன்னும் சரியாக மடங்கவில்லை. பயிற்சிக்கு ஒரு பந்து கொடுத்திருந்தார்கள், அதைத் தொடவே மாட்டார். மண் கட்டியை மட்டும் தினமும் ஒரு மணி நேரம் அந்தக் கையாலேயே நசுக்கினார். பொடியாகாத கட்டியை என்னிடம் தரவும் மறுத்துவிட்டார்.

இனி சம்பங்கி. அந்த நீளத் தொட்டியில் இலை முழுதும் காய்ந்து ஒன்றுமே இல்லாமல் இருந்தது. கொட்டிவிடலாம் என்று கவிழ்த்தேன். உள்ளே கொத்துக் கொத்தாகக் கிழங்கு! பழுப்புத் தோலை உரித்தால் உள்ளே வெங்காயம் மாதிரி வெள்ளையாக, கெட்டியாக இருந்தது. ஒருமுறை பூத்த தாய்க்கிழங்கு மறுபடி பூக்காது, சுற்றியிருக்கும் பக்கக் கிழங்குகள்தான் பூக்கும் என்று இங்கே தோட்டக்காரர்கள் சொல்வார்கள். அப்பா பிரித்துப் பிரித்துப் பொறுக்கினார். ஒரு மாதம் நிழலில் உலர வைத்தோம். நல்ல திரட்சியாக, ஒவ்வொன்றும் 25, 30 கிராம் இருப்பதில் பன்னிரண்டை உனக்கு எடுத்து வைத்திருக்கிறேன். சின்னவற்றை இங்கேயே நட்டுவிட்டேன், அவை பூக்க அடுத்த வருடம் ஆகும்.

புனேயிலும் இந்தப் பூ நிறைய உண்டு. அங்கே நிஷிகந்தா என்பார்கள். ஆனாலும் இது நம் வீட்டு ஒற்றை அடுக்குச் சம்பங்கி. அடுக்குச் சம்பங்கி ஜாடியில் வைக்க அழகு, மாலைக்கும் வாசனைக்கும் ஒற்றைதான். இது மெக்சிகோவிலிருந்து வந்த செடி என்று அப்பா சொன்னபோது எனக்கு நம்பவே முடியவில்லை. விடியுமுன் கூடை கூடையாகப் பறித்துச் சந்தைக்குப் போவதைப் பார்த்து வளர்ந்தவள் நான்.

பன்னிரண்டு அங்குலத் தொட்டிக்கு மூன்று கிழங்கு போதும். முனை மேலே பார்க்க, ஒரு அங்குலம் மண் மூடினால் போதும். அடியில் ஓட்டுச் சில்லு போட மறந்துவிடாதே. முளை வரும்வரை தண்ணீரைக் கொஞ்சமாக விடு. உங்கள் ஊரில் இப்போது மழை பிடித்துக்கொள்ளும், சாரல் நேராக அடிக்கும் இடத்தில் வைத்தால் கிழங்கு அழுகிவிடும். ஆனால் வெயில் வேண்டும். நிழலில் வைத்தால் இலைதான் வரும், பூ வராது. மூன்று, நான்கு மாதத்தில் தண்டு கிளம்பும். மொட்டு கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாக விரியும். ராத்திரி உன் வீடு முழுக்க மணக்கும்.

பெரியப்பா மகன் வெள்ளிக்கிழமை கோவையிலிருந்து குர்லா எக்ஸ்பிரஸில் வருகிறான், அவனிடம் கொடுத்து அனுப்புகிறேன். செய்தித்தாளில் மடித்திருக்கிறது, பிளாஸ்டிக் பையில் மாற்றாதே. மேலே "சம்பங்கி 12" என்று எழுதியிருப்பது அப்பா. வலது கையால்தான்.

வந்து சேர்ந்ததும் தொட்டியை எந்தப் பக்கம் வைக்கப்போகிறாய் என்று படம் எடுத்து அனுப்பு. காலையில் எத்தனை மணி வரை அங்கே வெயில் விழுகிறது என்று அப்பா கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

அன்புடன்,
அம்மா