ஹோம்ஸ் தோற்கும் இடமே அந்தப் படத்தின் உயிர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய துப்பறியும் படத் தொடர்களைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையையும், அதையொட்டி வெளியான வாசகர் கருத்துகளையும் ஒன்றுவிடாமல் படித்தேன். பேசில் ராத்போன் ஷெர்லாக் ஹோம்ஸாகவும் நைஜல் புரூஸ் டாக்டர் வாட்சனாகவும் 1939 முதல் 1946 வரை நடித்த பதினான்கு படங்களில் எட்டாவதான ‘தி ஸ்கார்லெட் கிளா’ (செந்நிற நகம்) குறித்து வாசகர்கள் இத்தனை மாறுபட்ட கருத்துகளைச் சொல்லியிருப்பது எனக்கு மகிழ்ச்சியளித்தது. தொடரிலேயே சிறந்தது இதுதான் என்று ஒருவரும், பழைய கதையின் நகல் என்று இன்னொருவரும், ஹோம்ஸை இவ்வளவு கையாலாகாதவராகக் காட்டலாமா என்று மற்றொருவரும் எழுதியிருக்கிறார்கள். இந்த மூன்றாவது கருத்துக்கு மறுமொழி சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. படத்தை இன்னும் பார்க்காதவர்களை எண்ணிக் கொலையாளி யாரென்று இக்கடிதத்தில் சொல்லப்போவதில்லை. ஆனால் இடையில் நிகழும் இரண்டு மரணங்களைக் குறிப்பிடாமல் நான் சொல்ல நினைப்பதைச் சொல்ல இயலாது.

முதலில், நகல் என்ற குற்றச்சாட்டு. சதுப்பு நிலம், ஊராரை நடுங்கவைக்கும் பழங்கதை, இருளில் ஒளிரும் உருவம், அந்த ஒளிக்குப் பின்னால் இருக்கும் பாஸ்பரஸ் என்று ‘பாஸ்கர்வில்ஸின் வேட்டை நாய்’ என்ற பழைய ஹோம்ஸ் கதையிலிருந்து படம் எடுத்துக்கொண்டவை பல என்பதை நான் மறுக்கவில்லை. அதே இருவர் நடிக்க அந்தக் கதையே 1939இல் படமாகி, இந்தத் தொடருக்குத் தொடக்கமாகவும் அமைந்தது. ஆனால் அங்கே அச்சத்தைக் கருவியாக்குபவனின் நோக்கம் பரம்பரைச் சொத்து. இங்கே கனடாவின் கியூபெக்கில் உள்ள லா மோர் ரூஜ் என்ற சிற்றூரில் கொலை செய்பவனுக்குச் சொத்தாசை கிடையாது. அவன் பழி தீர்க்க வந்தவன். மேலும் அவன் ஒரு நடிகன். காதல் பொறாமையில் சக நடிகரைக் கொன்று சிறைக்குப் போனவன், இறந்துவிட்டதாக உலகமே நம்பிக்கொண்டிருப்பவன், இந்த ஊருக்குள் யாரோ ஒருவராக வேடமிட்டு வாழ்கிறான் என்று தெரிந்த கணத்திலிருந்து, அச்சம் சதுப்பு நிலத்தை விட்டு விடுதியின் மேசைக்கும் வீட்டின் கூடத்துக்கும் வந்துவிடுகிறது. மூலக்கதையில் இல்லாத இந்த மாற்றம் ஒன்றே போதும், இது தனிப் படைப்பு என்று சொல்வதற்கு.

இன்னொரு வாசகர், இத்தொடரில் அதே நடிகர்கள் வெவ்வேறு பாத்திரங்களில் திரும்பத் திரும்ப வருவதைக் குறையாகக் குறிப்பிட்டிருந்தார். பால் கேவனா, மைல்ஸ் மாண்டர், ஆர்தர் ஹோல் ஆகியோர் தொடரின் வேறு படங்களிலும் உண்டு என்பது உண்மைதான். ஆனால் வேடமிட்ட நடிகனைத் தேடும் கதையில், முன்பு எங்கோ பார்த்த முகமாக ஒவ்வொருவரும் தோன்றுவது பார்வையாளரின் ஐயத்தை வளர்க்கவே செய்கிறது. இயக்குநர் இதைத் திட்டமிட்டே செய்தாரா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பார்க்கும்போது எனக்கு நேர்ந்தது இதுதான்.

இனி முக்கியமானதற்கு வருகிறேன். மாய சக்திகளை ஆராயும் சங்கமொன்றின் கூட்டத்தில், எல்லாவற்றுக்கும் அறிவுக்குப் பொருந்தும் காரணம் உண்டு என்று ஹோம்ஸ் லார்டு பென்ரோஸுடன் வாதிட்டுக்கொண்டிருக்கும்போதுதான், பென்ரோஸின் மனைவி கொல்லப்பட்ட செய்தி வருகிறது. தொண்டை கிழிந்த நிலையில், தேவாலய மணியின் கயிற்றைப் பற்றியபடி அவர் இறந்து கிடந்திருக்கிறார். அதன் பிறகு, தம் உயிருக்கு ஆபத்து என்று அவர் முன்பே எழுதிய கடிதம் ஹோம்ஸின் கைக்குக் கிடைக்கிறது. அதாவது, உதவி கேட்ட குரல் வந்து சேரும்போதே ஹோம்ஸ் தாமதமாகிவிட்டார். அந்தத் தாமதம்தான் படம் முழுவதும் அவரைத் துரத்துகிறது. இறந்த பெண்மணி முன்னாள் நடிகை என்பதை அவர் கண்டுகொள்கிறார். ஐந்து முனைகள் கொண்ட தோட்டக் களைக்கருவியே ‘நகம்’ என்பதை உணர்கிறார். ஒளிரும் உருவத்தின் மர்மத்தைத் துணித்துண்டு ஒன்றைக் கொண்டு அவிழ்க்கிறார். அவருடைய அறிவு ஓரிடத்திலும் பிழைபடவில்லை. இருந்தும் ஓய்வுபெற்ற நீதிபதி பிரிஸோன் தம் வீட்டுக்குள்ளேயே கொல்லப்படுகிறார். விடுதிக்காரர் ஜூர்னேயின் மகள் மேரியும் கொல்லப்படுகிறாள்.

மேரியின் மரணம் தேவையற்ற கொடுமை என்று, ஹோம்ஸைக் கையாலாகாதவராகக் காட்டலாமா எனக் கேட்ட அந்த வாசகர் எழுதியிருந்தார். நீதிபதிக்கும் கொலையாளிக்கும் இடையே பழைய கணக்கு ஒன்று உண்டு. மேரிக்கு அப்படி எதுவும் இல்லை. ஒளிந்திருக்கும் தந்தையின் இருப்பிடத்தைச் சொல்லாததற்காக அவள் உயிரை இழக்கிறாள். அந்த உடலுக்கு முன்னால் நிற்கும் ராத்போனின் முகத்தைத் தயவுசெய்து இன்னொரு முறை பாருங்கள். தொடரின் மற்ற படங்களில் எதிரியை மடக்கும்போது தோன்றும் அந்தக் கூர்மையும் தன்னம்பிக்கையும் அங்கே இல்லை. தடுத்திருக்க வேண்டியதைத் தடுக்கத் தவறியவரின் குற்றவுணர்வே அங்கே தெரிகிறது. புதிரை விடுவிப்பது வேறு, உயிரைக் காப்பது வேறு என்பதைத் துப்பறியும் படங்கள் பெரும்பாலும் மறைத்துவிடுகின்றன. கொலையுண்டவர் முதல் காட்சியிலேயே ஒரு துப்பாக மாறிவிடுகிறார், அவருக்காக யாரும் அழுவதில்லை. இந்தப் படம் அப்படி மறைக்கவில்லை. இறுதியில் சதுப்பு நிலத்தில் கணக்குத் தீரும்போதும் நியாயம் ஹோம்ஸின் கையில் இருப்பதில்லை என்பதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். அந்த வாசகர் பலவீனம் என்று சுட்டிய இடத்தில்தான் எனக்கு இப்படத்தின் மீது மதிப்பு பிறக்கிறது.

வாட்சன் விஷயத்தில் குறைகூறுவோர் பக்கமே நானும் நிற்கிறேன். ஆப்கன் போரில் பணியாற்றிய இராணுவ மருத்துவரைச் சேற்றில் விழுந்து எழுபவராகக் காட்டுவது வருத்தம் தருகிறது. ஒருமுறை போதாதென்று மீண்டும் விழவைத்திருக்கிறார்கள். நைஜல் புரூஸிடம் இயல்பாக இருக்கும் கனிவு, ஹோம்ஸின் வறண்ட அறிவுக்கு எவ்வளவு பெரிய துணை என்பதை அறிந்தவர்களுக்கு அது வீணடிக்கப்படுவதைக் காண்பது கடினம். முடிவில் காரில் திரும்பும்போது கனடாவைப் புகழும் சர்ச்சிலின் சொற்களை ஹோம்ஸ் எடுத்துச் சொல்வதும் ஒட்டாமல் நிற்கிறது என்ற கருத்தை ஏற்கிறேன். 1944இல், போர் நடந்துகொண்டிருந்தபோது வெளியான படம் என்பதால் அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

கட்டுரையாளர் ஒளிப்பதிவைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை என்பது எனக்குக் குறையாகத் தோன்றியது. யுனிவர்சல் நிறுவனம் எடுத்த பன்னிரண்டு ஹோம்ஸ் படங்களில் பதினொன்றை இயக்கியவர் ராய் வில்லியம் நீல். அவரும் இதன் ஒளிப்பதிவாளர் ஜார்ஜ் ராபின்சனும் அதற்கு முந்தைய ஆண்டுதான் ஃபிராங்கன்ஸ்டைனும் ஓநாய் மனிதனும் மோதும் படத்தில் சேர்ந்து பணியாற்றியிருந்தார்கள். திகில் படங்களில் பெற்ற அந்தத் தேர்ச்சியை எழுபத்து நான்கு நிமிடத் துப்பறியும் கதைக்குள் அவர்கள் கொண்டுவந்ததால்தான், மூடுபனிக்குள் அந்த உருவம் நகரும்போது, அது மனிதன்தான் என்று தெரிந்த பிறகும் நாம் இருக்கையின் விளிம்புக்கு வருகிறோம்.

இன்னும் பார்க்காத வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் திரைப்பட ஆவணக் காப்பகம் இந்தப் பன்னிரண்டு படங்களையும் மீட்டெடுத்திருக்கிறது. மங்கிய பிரதிகளில் வெறும் வெண்மையாகத் தெரியும் மூடுபனி, மீட்டெடுத்த பிரதியில் அடுக்கடுக்காகப் புலப்படும். இயன்றவரை அதையே தேடிப் பாருங்கள். ஏற்கெனவே பார்த்தவர்கள், முடிவு தெரிந்த கண்களோடு தொடக்க விடுதிக் காட்சிக்குத் திரும்பிச் செல்லுங்கள். தேவாலய மணி விடாமல் ஒலித்துக்கொண்டிருக்க, அங்கே அமர்ந்திருக்கும் ஒவ்வொருவரின் முகத்தையும் நிதானமாகக் கவனியுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்