மூத்தோர் சங்கம்: 2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பனியையும் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் உறுப்பினர்களே, வராமல் வீட்டிலிருந்தபடி இதை வாட்ஸப்பில் படிக்கப்போகும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். மத்திய நியூ ஜெர்சியில் இயங்கும் நமது சங்கத்தின் 2025ஆம் ஆண்டு நடவடிக்கைகளை இந்தப் பிப்ரவரிப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

பொங்கல் விழா ஜனவரியில் நடந்தது. சித்திரைத் திருநாளுக்குப் பட்டிமன்றம் வைத்தோம். கோடையில் பிரிட்ஜ்வாட்டர் வேங்கடேசுவரர் கோயிலுக்குப் பேருந்தில் போய்வந்தோம். நவராத்திரியில் உறுப்பினர் இல்லங்களில் கொலு பார்த்தோம். இவ்வாண்டு நம்மைவிட்டுப் பிரிந்த உறுப்பினர்களுக்குச் சங்கத்தின் அஞ்சலி.

இனி, 65 வயதைக் கடந்தோருக்கான அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேருக்கு நாம் வைத்த முன்னேற்பாட்டுத் திட்டம். இதைப் பற்றிப் பலவிதமான பேச்சு உலவுவதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

மெடிகேரில் பிளான் மாற்றுவதற்கான காலம் ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை. மாற்றியது ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வரும். தேதி எல்லோருக்கும் தெரியும். ஆனால் மார்கழிக் கச்சேரிக்கும் பேரப்பிள்ளை கல்யாணத்துக்கும் நம்மில் பலர் நவம்பரிலேயே சென்னைக்கு விமானம் ஏறிவிடுகிறோம். டிசம்பர் முதல் வாரம் மயிலாப்பூரிலிருந்து எனக்குப் போன் வரும்: “சார், என் பிளான்ல ஏதோ மாத்தணும்னு லெட்டர் வந்திருக்காம், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார்.” இந்தக் கடைசி நேர ஓட்டத்துக்கு ஒரு முடிவு கட்டத்தான் ஆகஸ்டிலேயே வேலையைத் தொடங்கலாம் என்று செயற்குழுவில் முன்மொழிந்தேன். இன்சூரன்ஸ் அவரவர் சொந்த விஷயம், சங்கம் ஏன் மூக்கை நுழைக்க வேண்டும் என்று இருவர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அந்த இருவரும் அக்டோபரில் என்னிடம் படிவம் வாங்கிச் சென்றார்கள் என்பதையும் பதிவு செய்கிறேன்.

படிவம் என்றால் ஒரு பக்கத் தாள். மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், மாதத்துக்கு எத்தனை மாத்திரை, எந்த மருந்துக்கடை, எந்தெந்த டாக்டர். மெடிகேர் இணையதளத்தில் பிளான்களை ஒப்பிடுவதற்குக் கேட்கப்படுவது இவ்வளவே. இதை நிரப்புவது எளிது என்று நினைத்திருந்தவர்களுக்கு நூலக அறையில் நடந்த முதல் அமர்வே பதில் சொல்லிவிட்டது. ஒரு தம்பதியர் ஜிப்லாக் பை நிறைய மருந்து கொண்டுவந்து மேசையில் கொட்டினார்கள். இங்கத்திய ஆரஞ்சு டப்பாக்களோடு சென்னையில் வாங்கிய அட்டைகளும் கலந்திருந்தன. தேவைக்குத் தக்கபடி கத்தரியால் வெட்டி வைத்திருந்ததால், மருந்தின் பெயர் இருந்த பகுதி எந்தத் துண்டிலும் முழுதாக இல்லை. சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் ஒரு வேளையா இரு வேளையா என்று கணவன் மனைவிக்குள் கால்மணி நேரம் வாக்குவாதம். கடைசியில் அந்த அம்மா, “மாத்திரை போட்டுக்கறது நான்தானே, எனக்குத் தெரியாதா?” என்று முடித்தார். டாக்டர் எழுதியது வேறு என்று டப்பாவில் இருந்தது.

இன்னொன்று, செப்டம்பர் கடிதம். ப்ரீமியம், மருந்துகளின் விலை அடுக்கு, பிளானில் சேர்ந்த டாக்டர்களின் பட்டியலான நெட்வொர்க் என்று அடுத்த ஆண்டு பிளானில் என்னென்ன மாறுகிறது என்பதை நிறுவனங்கள் செப்டம்பர் 30க்குள் உறுப்பினருக்கு எழுத்தில் தந்தாக வேண்டும். இந்தக் கடிதம் சூப்பர்மார்க்கெட் கூப்பன்களோடு சேர்ந்து மறுசுழற்சித் தொட்டிக்குப் போவதே நம் வீடுகளின் வழக்கம். “போன வருஷம் நல்லாத்தானே இருந்தது” என்பவர்களுக்குச் சொல்வது: பிளானின் பெயர் அப்படியேதான் இருக்கும், உள்ளே இருப்பது மாறியிருக்கும். இவ்வாண்டு ஓர் உறுப்பினரின் பிளானையே நிறுவனம் நிறுத்திவிட்டது. மற்றொருவரின் மருந்துக்கடையே மூடப்பட்டுவிட்டது. இருவருக்கும் விஷயம் தெரிந்தது நம் அமர்வில்தான்.

டாக்டர் செலவுக்கான பார்ட் பி பகுதியின் மாத ப்ரீமியம் 2025இல் 185 டாலர், 2026இல் 202.90. பலருக்கு இது சோஷியல் செக்யூரிட்டியிலிருந்தே பிடிக்கப்படுவதால் கண்ணில் படுவதில்லை. மருந்துக்கான பார்ட் டி பகுதியில் கைக்காசாகக் கட்டும் செலவுக்கு ஆண்டு உச்சவரம்பு 2026இல் 2,000லிருந்து 2,100 டாலராகியிருக்கிறது. பார்ட் டியில் வரும் இன்சுலினுக்கு மாதம் 35 டாலருக்கு மேல் இல்லை. அரசு பேரம் பேசிக் குறைத்த முதல் 10 மருந்துகளின் விலை 2026 ஜனவரி முதல் அமலுக்கு வந்திருக்கிறது. சர்க்கரைக்கான ஜனுவியா, ஜார்டியன்ஸ், ரத்தம் உறையாமலிருக்கத் தரும் எலிக்விஸ் மூன்றும் அதில் உண்டு. நம் உறுப்பினர்களின் சர்க்கரைக் கணக்கைப் பார்த்தால் சங்கத்துக்கே இது நல்ல செய்தி. வருமானம் குறைவாக உள்ள நியூ ஜெர்சி மூத்தோருக்கு மாநிலத்தின் மருந்து உதவித் திட்டமான பாட் (PAAD) திட்டத்தில் ஜெனரிக் மருந்து 5 டாலர், பிராண்ட் மருந்து 7 டாலர். தகுதியிருந்தும் விண்ணப்பிக்காதவர்கள் இந்த அறையிலேயே இருக்கிறார்கள். கௌரவம் பார்ப்பதாகத் தெரிகிறது.

இப்போது அந்தச் சாப்பாட்டு விவகாரம். இன்சூரன்ஸ் முகவர் ஒருவர் நம் கூட்டத்தில் தன் பிளானைப் பற்றிப் பேச இடம் கேட்டார். மதியச் சாப்பாட்டுச் செலவு தன்னுடையது என்றும் சொன்னார். பிளான் விற்கும் கூட்டத்தில் சாப்பாடு போட மெடிகேர் விதி இடம் தருவதில்லை. மறுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக, மெடிகேர் ஆலோசனை தரும், கமிஷன் வாங்காத மாநில ஷிப் (SHIP) திட்டத்தின் ஆலோசகர் வந்து இலவசமாக விளக்கினார். விளைவு? பொங்கலுக்கு நிற்க இடமில்லாத அதே அறையில் அன்று நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. பந்திக்கு முந்த நம் உறுப்பினர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வந்த சாப்பாட்டைச் செயலாளர் கெடுத்தார் என்ற பேச்சு என் காதுக்கும் வந்தது.

செயலாளர் பேச்சைக் கேட்டு, தனியார் நிறுவனம் வழியே மெடிகேர் தரும் அட்வான்டேஜ் பிளானுக்கு மாறி, பழைய டாக்டரை இழந்ததாக ஒருவர் சொல்லிவருகிறார். எந்தப் பிளான் நல்லது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. புதிய பிளானில் உங்கள் டாக்டர் உண்டா என்று டாக்டர் அலுவலகத்திலேயே கேளுங்கள் என்பது படிவத்தின் அடியில் தடித்த எழுத்தில் இருக்கிறது. அவருக்கு இன்னும் வழி மூடவில்லை. அட்வான்டேஜ் பிளானில் இருப்பவர்கள் மார்ச் 31 வரை ஒருமுறை மாறிக்கொள்ளலாம். ஆனால் அரசே நேரடியாக நடத்தும் பழைய மெடிகேருக்குத் திரும்பி, அது தராத மிச்சச் செலவுக்கான தனியார் காப்பீடான மெடிகேப் வாங்க நினைத்தால் நிறுவனம் உடல்நிலையைக் கேட்கலாம். கேள்வி கேட்காமல் தருவது 65 வயதுக்குப்பின் பார்ட் பி தொடங்கும் முதல் 6 மாதம்தான்; அதன்பின் விதிவிலக்குகள் சிலவே. ஹட்சன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் நியூயார்க்கில் ஆண்டு முழுவதும் அப்படிக் கேள்வியில்லாமல் வாங்கலாம். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

சென்னை போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய மெடிகேர் இந்திய ஆஸ்பத்திரிச் செலவைத் தராது. ஜி (G), என் (N) போன்ற சில மெடிகேப் பிளான்களில் பயணத்தின் முதல் 60 நாளுக்குள் வரும் அவசரச் சிகிச்சைக்கு, 250 டாலர் கழித்து 80 சதவீதம், வாழ்நாளில் 50,000 டாலர் வரை கிடைக்கும். மூன்று மாதம் தங்குகிறவர்கள் 60 என்ற எண்ணைக் கவனிக்கவும். கிரீன் கார்டில் வந்த பெற்றோர் 65 கடந்தவர்களானாலும் இங்கே தொடர்ந்து 5 ஆண்டு வசித்த பிறகே மெடிகேரில் சேர முடியும். அந்தத் தருணத்தைத் தவறவிட்டால், தாமதித்த ஒவ்வொரு 12 மாதத்துக்கும் பார்ட் பி ப்ரீமியத்தில் 10 சதவீதம் அபராதம் கூடும்.

கணக்கு: வரவும் செலவும் ஏறக்குறைய சமம். பேருந்து வாடகையும் அறை வாடகையும் கூடியதால் கையிருப்பு சற்றுக் குறைந்துள்ளது. விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. சந்தா தம்பதிக்கு 40 டாலர் என்பது பல ஆண்டுகளாக ஏறவில்லை. அதையும் கட்டாதோர் பட்டியல் நீளமானது. பெயர்களைப் படிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் படிக்கவில்லை. மருந்துச் செலவில் நூற்றுக்கணக்கான டாலர் மிச்சமானதாக என்னிடம் பூரித்துச் சொன்னவர்கள் சிலரும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள்.

தலைவர், பொருளாளர், செயற்குழுவினர், அறை தந்த நூலகத்தார், காபி போட்ட மகளிர், மடிக்கணினியோடு வந்து உட்கார்ந்த உறுப்பினர்களின் பிள்ளைகள் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டைப் பற்றி. என் பதவிக்காலம் இன்றோடு முடிகிறது. புதியவர்கள் வரட்டும் என்றே விரும்புகிறேன். போன ஆண்டும் இதையேதான் சொன்னேன், அப்போதும் யாரும் எழுந்திருக்கவில்லை. பொதுக்குழு மீண்டும் என்னையே சொல்லுமானால் என் நிபந்தனைகள் இவை: அமர்வுகளுக்கு மடிக்கணினி தெரிந்த இரண்டு பேர் நிலையாக வேண்டும். அச்சுச் செலவுக்குச் சந்தா வந்தாக வேண்டும். நவம்பரில் ஊருக்குப் போகிறவர்கள் டிக்கெட் எடுத்த அன்றே பயணத் தேதியை எனக்குத் தெரிவிக்க வேண்டும்.

2026க்கான மருந்துப் பட்டியல் படிவம் உங்கள் நாற்காலிகளில் வைக்கப்பட்டுள்ளது. முழுப் பெயர் தெரியும்படி மாத்திரை அட்டையைப் பார்த்து எழுதவும். பொருளாளர் காபி மேசைக்கு அருகில் இருப்பார், சந்தாவைக் காசோலையாகவும் கொடுக்கலாம்.

இங்ஙனம்,
செயலாளர்