சுவரொட்டியைச் செய்தவருக்கும் பெயர் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் கலிபோர்னியா திராட்சைத் தோட்டத் தொழிலாளர் போராட்டம் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். உடன் வந்த படத்தில், இறகுக் கிரீடம் அணிந்த ஆஸ்டெக் வீரன் இரண்டு கையாலும் திராட்சைக் குலைகளைப் பிழிகிறான். சாறு ரத்தம்போல் வழிகிறது. கீழே ‘1965 வேலைநிறுத்தச் சுவரொட்டி’ என்று மட்டும் இருந்தது.

அதைச் செய்தவர் சேவியர் விராமோன்டெஸ். ஆண்டு 1973. கலிபோர்னியாவின் டெலானோ ஊரில் 1965-இல் தொடங்கிய வேலைநிறுத்தம் 1970-இல் ஒப்பந்தத்தோடு முடிந்தது. அந்த ஒப்பந்தக் காலம் முடிந்ததும் முதலாளிகள் பலர் வேறொரு சங்கத்தோடு கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். ‘திராட்சை வாங்காதீர்கள்’ என்று மறுபடியும் மக்களிடம் போக வேண்டியதாயிற்று. அப்போது பிறந்த படம் இது.

நான் முப்பது வருடம் ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறை வைத்திருந்தவன். மகளைப் பார்க்க அமெரிக்கா போனபோது ஓர் அருங்காட்சியகத்தில் எஸ்தர் ஹெர்னாண்டஸின் ‘சன் மேட்’ (Sun Mad, 1982) என்ற ஸ்கிரீன் பிரிண்ட் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றேன். சன்-மெய்ட் உலர்திராட்சைப் பெட்டியில் சிரிக்கும் பெண் இருக்கிறாளே, அவளேதான். அதே சிவப்புக் குல்லாய், அதே திராட்சை. முகம் மட்டும் மண்டை ஓடு. கீழே பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி, பூஞ்சைக்கொல்லி என்று வரிசையாக எழுத்து. கலிபோர்னியாவின் டினுபா ஊரில் பண்ணைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர் எஸ்தர். ஊர்த் தண்ணீரிலேயே பூச்சிமருந்து கலந்திருப்பது தெரிந்த பிறகு செய்த படம். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இந்த ஸ்கிரீன் பிரிண்டிங் வேலையின் அருமை எனக்குத் தெரியும். ஒவ்வொரு நிறத்துக்கும் வலைத்துணி கட்டிய தனிச் சட்டம். ஒன்று காய்ந்த பிறகுதான் அடுத்தது. தாள் ஒரு நூல் விலகினாலும் அந்தப் பிரதி வீண். ஆனால் பெரிய இயந்திரம் தேவையில்லை. சட்டம், வலைத்துணி, மை, மையைத் தள்ளும் ரப்பர் பட்டையான ஸ்குவீஜி, காயவைக்க ஒரு கொடி, அவ்வளவுதான். கையில் காசில்லாத சிகானோ ஓவியர்கள், அதாவது அமெரிக்காவின் மெக்சிக வம்சாவளியினர், இதைப் பிடித்துக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம். சேக்ரமென்டோவில் ஹோசே மோன்டோயா, எஸ்தேபான் வீயா குழுவினர் தொழிலாளர் கூட்டங்களுக்கென்றே சுவரொட்டி அடித்துத் தந்தார்கள்.

கட்டுரையில் தலைவர்கள் பெயரெல்லாம் இருக்கிறது. சரி, இருக்க வேண்டியதுதான். படத்துக்குக் கீழேயும் ஒரு வரி போடுங்கள். வரும் ஞாயிறு திருத்தம் வெளியிட்டால் விராமோன்டெஸ் என்ற பெயரையும் 1973 என்ற ஆண்டையும் சேர்த்தே போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அச்சகத் தொழிலாளி